பின் டயர் கேட்கும் எஞ்சின்

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுகிறவர்களை உற்றுக் கவனித்தால் உராய்வைப் பற்றிய பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். வழுக்கும் மரத்தில் உடம்பு கீழே சரியாமல் இருப்பதற்கே கைகால்களின் பிடிமானத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. மிச்சத்தை வைத்துத்தான் மேலே உந்த வேண்டும். உந்துதல் அந்த மிச்சத்தைத் தாண்டினால் ஆள் சறுக்குகிறார். சறுக்கத் தொடங்கிய பிறகு பழைய பிடிகூடக் கிடைப்பதில்லை. வளைவில் போகும் காரின் பின் டயருக்கும் இதே நிலைமைதான்.

டயருக்கும் தரைக்கும் நடுவே கிடைக்கும் பிடிமானம் ஒரே கையிருப்பு. கார் வளைவை விட்டு வெளியே ஓடாமல் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவதற்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும், முன்னே தள்ளுவதற்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். பொறியாளர்கள் இதை உராய்வு வட்டமாக வரைவார்கள். பக்கவாட்டுக்கு 80 சதவீதம் செலவானால் முன்தள்ளலுக்கு மிஞ்சுவது 20 என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் 60 மிஞ்சுகிறது. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் இங்கே பித்தாகரஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறார்: 0.8-ன் வர்க்கமும் 0.6-ன் வர்க்கமும் சேர்ந்தால் 1.

டிரிஃப்ட் என்பது இந்த வட்டத்தைப் பின் டயர் மட்டும் தெரிந்தே தாண்டி நிற்கும் நிலை. முன் டயர்கள் தரையைப் பிடித்திருக்கும்; பின்புறம் வெளியே சரியும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரைக் கூட்டியும் குறைத்தும் காரின் கோணத்தைத் தாங்கிப் பிடிப்பார். காலடியில் இருக்கும் ஆக்சிலரேட்டர் இரண்டாவது ஸ்டியரிங் ஆகிவிடுகிறது. எஞ்சினின் இழுவை பின்சக்கரத்துக்குப் போனால்தான் இது நடக்கும். முன்சக்கரம் இழுக்கும் மாருதி 800, ஸ்விஃப்ட் வகையறாக்களில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் வீசலாம். தொடர்ந்து சறுக்கிப் போக முடியாது. ஆகவே நம் ஊரில் இந்த ஆசை வந்தவர்கள் அம்பாசிடர், பத்மினி, காண்டெஸா, 118 என்இ, ஜீப் என்று பழைய வண்டிகளைத் தேடிப் போகிறார்கள். கையில் கிடைத்ததும் வருகிற முதல் கேள்வி: “அண்ணே, இதுல வேற எஞ்சின் உக்காருமா?”

உட்காரும். திண்டுக்கல் பக்கத்துப் பட்டறைகளுக்கு இது புதுச் சமாச்சாரமே இல்லை. மலையும் சமவெளியும் சேரும் ஊர்களில் பெட்ரோல் ஜீப்பின் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது ஒரு காலத்தில் பிழைப்புக்கான வேலை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசம் எத்தனையோ அம்பாசிடர்களின் வயிற்றையும் மாற்றியது. அந்த மெக்கானிக்குகளின் கைத்திறமையில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. ஆனால் லோடு ஏற்றி மலையேறும் ஜீப் எஞ்சினிடம் கேட்பது ஒன்று, சறுக்க வேண்டிய கார் கேட்பது வேறொன்று. என்ன வேறுபாடு என்பதை எண்களில் பார்த்துவிடலாம்.

காண்டெஸாவை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக வட்ட எண்கள் போதும். கார் 1,200 கிலோ; அதில் பின் ஆக்சில் மீது சுமார் 560 கிலோ. காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு 0.85 என்று கொண்டால், பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து தரையைப் பிடிக்கக்கூடிய உச்ச விசை சுமார் 4,700 நியூட்டன். அதிலுள்ள இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய 135 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியர் விகிதம் 2, பின்னால் கிரவுன் பினியன் விகிதம் 3.9, டயரின் ஆரம் 30 செ.மீ. என்று வைத்தால் டயர் தரையைத் தள்ளும் விசை சுமார் 3,500 நியூட்டன். நேர் ரோட்டில் 3,500-ஆல் 4,700-ஐ உடைக்க முடியாது, டயர் சுழலாது. வளைவில் 80 சதவீதம் பக்கவாட்டுக்குப் போய்விட்டால் மிஞ்சுவது 2,800. இப்போது 3,500 அதைத் தாண்டுகிறது, பின்புறம் சரிகிறது. மழை பெய்து கெழு பாதியாகிவிட்டால் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே சரியும். மழை நாளில் “நல்லா போகுது” என்று பாராட்டப்படும் பழைய கார் வெயில் நாளில் மறுப்பது இதனால்தான்.

சரிய வைப்பது ஒரு வேலை. சரிந்ததைத் தொடர வைப்பது அதைவிடப் பெரிய வேலை. பெரும்பாலான பேச்சுகள் குதிரைத்திறனில் தொடங்கி அதிலேயே முடிந்துபோவதால் இந்த இடத்தில் நின்று பார்ப்பது நல்லது. சறுக்கும் டயர் தரையை உரசிக்கொண்டே சுழல்கிறது. உரசல் முழுக்க வெப்பமாகிறது, வெப்பம் புகையாகிறது. அந்த வெப்பத்துக்கான ஆற்றலை எஞ்சின் நொடிக்கு நொடி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கார் மணிக்கு 60 கி.மீ.யில் போக, டயரின் ஓரம் 80 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது என்று கொள்வோம். அதாவது நொடிக்கு 22 மீட்டர். சறுக்கும் டயரின் உராய்வு, சக்கரம் பார்க்கும் திசைக்குச் சாய்வாக இருக்கும். அதில் எஞ்சினுக்கு எதிராக நிற்கும் பங்கு 3,300 நியூட்டன் என்று எடுத்தால், தேவையான திறன் 73 கிலோவாட். கிட்டத்தட்ட 98 குதிரைத்திறன், அதுவும் டயரில். கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் எஞ்சினில் 115 வேண்டும். காண்டெஸாவின் இசுசு கொடுப்பது 88. சறுக்கல் ஆரம்பிக்கும், சக்கர வேகம் இறங்கும், டயர் மறுபடி தரையைக் கவ்வும், கார் வெடுக்கென்று நேராகும். பழைய கார்களில் டிரிஃப்ட் பாதியில் செத்துப்போவதன் பின்னணி இந்த 27 குதிரைப் பற்றாக்குறை.

அப்படியானால் இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலைத் தூக்கி வைத்தால்? இழுவை பெரிது, ஸ்பேர் எளிதாகக் கிடைக்கும், பட்டறைக்காரருக்கும் பழக்கமானது. அதன் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியரில் டயருக்கு வருவது 5,200 நியூட்டன். 4,700-ஐ நேர் ரோட்டிலேயே உடைத்துவிடும். ஆனால் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை நெருங்கும்போதே மூச்சு முட்டத் தொடங்குகிறது. அதே கியர் விகிதங்களில் 4,000 சுற்றுக்கு டயரின் வேகம் 58 கி.மீ.தான். நமக்கு வேண்டியது 80. மூன்றாம் கியர் போட்டால் வேகம் வரும், விசை 3,600-க்கு இறங்கிவிடும். மறுபடி பழைய காண்டெஸாவின் கதை. திறனும் 102 குதிரைதான். மலையேற்றத்தில் குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை வரம். சறுக்கலில் வேண்டியது நீண்ட சுற்று வரம்பு. ஒரே கியரில் சக்கர வேகத்தை ஏற்றி இறக்கி விளையாட இடம். அதோடு கால் அழுத்திய கணமே எஞ்சின் பதில் சொல்ல வேண்டும். கனமான ஃபிளைவீலும் டர்போவின் தாமதமும் அந்தப் பதிலைத் தள்ளிப்போடுகின்றன.

டிரிஃப்டை ஜப்பானின் மலைச்சாலைகளிலிருந்து உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கெய்ச்சி சுச்சியா. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கார் 1983-ல் வந்த டொயோட்டா ஏஇ86. எஞ்சின் வெறும் 1.6 லிட்டர், கம்பெனி கணக்கில் 130 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் கீழே. கிரவுன் பினியன் விகிதம் 4.3. எடை குறைந்தால் பின் டயரின் பிடிமானமும் குறைகிறது. அதை உடைக்கத் தேவையான விசையும் சறுக்கலைத் தொடரத் தேவையான திறனும் சேர்ந்தே குறைகின்றன. சிறிய எஞ்சின் அங்கே போதுமானதாகிவிடுகிறது. பிற்பாடு 2001-ல் டி1 கிராண்ட் பிரி, 2004-ல் அமெரிக்காவில் ஃபார்முலா டிரிஃப்ட் என்று போட்டிகள் வளர்ந்தபோது டயரின் பிடிமானமும் கூடிக்கொண்டே போனது. அதைத் துரத்தி எஞ்சின்களும் பெருத்தன. இன்று நிசான் காருக்குள் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 எஞ்சினும், டொயோட்டாவின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம்.

எஞ்சினை மாற்றி வைப்பது நம் கார் கம்பெனிகளே செய்த வேலை. 1985-ல் வந்த பிரீமியர் 118 என்இ, ஃபியட் 124-ன் உடம்புக்குள் நிசானின் 1.2 லிட்டர் எஞ்சினை வைத்தது. காண்டெஸா என்பதே பிரிட்டனின் வாக்ஸால் உடம்பு. முதலில் அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினோடு வந்து, எடையை இழுக்க முடியாமல் திணறி, பின்னர் இசுசுவுக்கு மாறியது.

இவற்றில் என்னை அதிகம் கவர்வது ஒரு சென்னைக் காரின் கதை. வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. பிரிட்டனில் அதன் மேல்நிலை மாடல் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினோடு, 155 குதிரைத்திறனோடு ஓடியது. நம் ஊரில் அதற்குள் வைத்தது ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வழிவந்த 1,991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், 83 குதிரைத்திறன். நாற்பதுகளில் பிறந்த அந்த எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியிருக்கிறது, டிரயம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியிருக்கிறது. லேசான டிஆர்2-வில் துள்ளிய குடும்பம், கனமான ரோவரில் இழுக்க முடியாமல் பெட்ரோலைக் குடித்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. எஞ்சின் மோசம் என்று அதை ஒதுக்குவது நியாயமில்லை. தனக்குப் பொருந்தாத எடையைச் சுமந்தது, அவ்வளவுதான்.

அதே ரோவர் வி8-க்கு ஒரு நல்ல மாற்றக் கதையும் உண்டு. 1973-ல் பிரிட்டிஷ் எம்ஜிபி காரில் அதை வைத்தார்கள். அங்கிருந்து இறக்கியது நம் அம்பாசிடர் எஞ்சினின் நெருங்கிய சொந்தமான பி-சீரிஸ் இரும்பு எஞ்சின். எட்டு சிலிண்டர் அலுமினியமும் நான்கு சிலிண்டர் இரும்பும் எடையில் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் முன்பக்கம் தொங்கவில்லை, காரின் குணமும் கெடவில்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் எவ்வளவு என்பதற்குச் சமமான விஷயம். காரின் நடுப்புள்ளியிலிருந்து 1.3 மீட்டர் முன்னால் 60 கிலோ கூடினால், காரைத் திருப்புவதற்கான சடத்துவத்தில் 60 பெருக்கல் 1.3-ன் வர்க்கம், அதாவது 100 அலகு சேர்கிறது. இந்த அளவு காருக்கு அது சுமார் 5 சதவீதம். கோணத்தை வலமிருந்து இடமாக மாற்றி வீசும்போது அந்த 5 சதவீதம் கையில் தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் புது எஞ்சினை முடிந்தவரை பின்னால், தடுப்புத் தகட்டை ஒட்டி வைக்கப் பார்ப்பார்கள். ஆனால் சம்ப் கீழே குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், ஸ்டியரிங் ராடு வழியில் நிற்கும், கியர் லிவர் சீட்டுக்கு அடியில் போய் நிற்கும். மாற்று வேலையில் பாதி நாள் இந்த இட நெருக்கடியோடுதான் போகிறது.

மீதிப் பாதி லேத்தில். ஒரு கம்பெனி எஞ்சினையும் இன்னொரு கம்பெனி கியர்பாக்ஸையும் சேர்க்க நடுவே அடாப்டர் தகடு கடைய வேண்டும். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். நல்ல கைக்காரர் அங்கே நிற்க மாட்டார். கிராங்க் ஷாஃப்டின் முனையில் டயல் கேஜைப் பொருத்தி, பெல் ஹவுசிங் துளையின் ஓரத்தில் முள்ளை வைத்து, எஞ்சினைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவார். முள் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதி, இரண்டு மையங்களும் விலகியிருக்கும் அளவு. அந்த ஆட்டம் ஐந்து ‘தவ்’வுக்குள், அதாவது 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். பைலட் பேரிங் கத்தும், கிளட்ச் அதிரும், சில மாதத்தில் கியர்பாக்ஸ் போகும். அப்போது பழி எஞ்சின்மேல் விழும்.

புரோப்பலர் ஷாஃப்டிலும் ஒரு கண்ணுக்குத் தெரியாத சங்கடம் உண்டு. கிராஸ் வைத்த ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, உள்ளே சீராக வரும் சுழற்சி வெளியே சீராகப் போவதில்லை. ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 4 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் கால் சதவீதம். 10 டிகிரியில் ஒன்றரைச் சதவீதம். முன்னும் பின்னும் உள்ள இரு ஜாயின்டுகளின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று அழித்துவிடும். எஞ்சின் பின்புறம் கொஞ்சம் அதிகம் தொங்கினாலே இந்தச் சமன் போய்விடும், 70 கி.மீ.யில் தரை அதிரும். எத்தனை முறை ஷாஃப்டை பேலன்ஸ் செய்தாலும் போகாது, ஏனென்றால் நோய் ஷாஃப்டில் இல்லை.

பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பகிரும். வளைவில் உள்பக்கச் சக்கரம் எடை குறைந்து லேசாகிறது. அது தாங்குமளவுக்கு மேல் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் கிடைக்காது. 200 குதிரை எஞ்சின் வைத்தும் ஒரு டயர் மட்டும் புகைவதைப் பார்த்தால் காரணம் இதுதான். சிக்கனமான வழி, உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களை வெல்டு வைத்து இறுக்கிவிடுவது. மைதானத்தில் அது வேலை செய்யும். சாதாரண ரோட்டில் அப்படி ஓட்டவே கூடாது: சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் அகலமுள்ள கார் 6 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 26 சதவீதம் அதிக தூரம் போக வேண்டும். வெல்டு வைத்த ஆக்சில் அதற்கு விடாது. டயர் தேயும், இல்லையேல் ஆக்சில் தண்டு முறியும்.

பிறகு வெயில். பெட்ரோல் எஞ்சின் வேலையாகத் தரும் திறனுக்கு ஏறக்குறைய சமமான வெப்பத்தைக் குளிர்நீரில் கொட்டுகிறது. சறுக்கும் கார் பக்கவாட்டில் போவதால் காற்று ரேடியேட்டரை நேராக வந்து அடிப்பதும் இல்லை. சித்திரை மாதத்தில் நத்தத்துச் சமவெளியில் காற்றே 38 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, ஜப்பான் குளிருக்குப் போதுமான ரேடியேட்டர் இங்கே போதாது. பெரிய ரேடியேட்டரும் இரட்டை மின்விசிறியும் ஆடம்பரம் இல்லை.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றில் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே இப்படிக் கட்டும் கார் மைதானத்துக்கான கார். டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்க வேண்டியது. நத்தத்திலிருந்து மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதில் ஸ்கூட்டரில் குடும்பம் போகிறது, ஆடு குறுக்கே வருகிறது. சறுக்கும் காருக்கு அங்கே இடமில்லை.

இடம் கோவைக்குத் தெற்கே செட்டிப்பாளையத்தில் இருக்கிறது, சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. செட்டிப்பாளையம் களத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வரக் காரணமான கோவை கரிவரதன், எண்பதுகளின் இறுதியில் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். வெளிநாட்டு எஞ்சினுக்குக் காசும் உரிமமும் தேடி அலையாமல், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் போடக்கூடிய எஞ்சினை எடுத்து, அது இழுக்க வேண்டிய எடையைக் குறைத்தார். அந்தக் காரில் பழகிய கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் ஒரு இலகு விமான விபத்தில் இறந்துவிட்டார். இந்திய எஞ்சின் மாற்றங்களில் இதைவிடத் தெளிவான சிந்தனையை நான் கண்டதில்லை.

நத்தத்தில் ஒரு காண்டெஸாவை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர் அதே வழியைப் பிடிக்கலாம். பின் சீட்டும், தேவையில்லாத உலோகமும் போனால் 150 கிலோ குறையும். கிரவுன் பினியனை 3.9-லிருந்து 4.5-க்கு மாற்றினால் பழைய எஞ்சினே இரண்டாம் கியரில் 3,500-க்குப் பதில் 4,050 நியூட்டன் கொடுக்கும். பதிலுக்குச் சக்கரத்தின் உச்ச வேகம் 80-லிருந்து 69 கி.மீ.க்கு இறங்கும். இவை முடிந்த பிறகும் பற்றாக்குறை இருந்தால், 130-லிருந்து 150 குதிரை தரும், 6,500 சுற்று வரை ஏறும், பழைய இரும்பு எஞ்சினைவிடக் கனம் கூடாத ஒரு பெட்ரோல் எஞ்சினைத் தேடலாம்.

அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். புளியும் மாங்காயும் ஏற்றிய லாரிகள் நிற்கும் எடைமேடைக்குக் காரை ஓட்டிப் போய், முதலில் முழுக் காரையும், பிறகு முன்சக்கரங்களை மட்டும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி மூன்று சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாங்கில் பெட்ரோல் எவ்வளவு, ஓட்டுநர் உள்ளே இருந்தாரா என்பதையும் சீட்டின் பின்புறம் குறித்துவையுங்கள். மேடை ஐந்து பத்துக் கிலோ முன்பின் காட்டும், பரவாயில்லை. எஞ்சினை மாற்றியபின் அதே மேடையில் அதே மூன்று சீட்டு. முன் ஆக்சிலில் 50 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் கீயைத் திருப்புவதற்கு முன் முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பின் ஆக்சில் எண்ணை எடுத்து 9.8-ஆலும் 0.85-ஆலும் பெருக்கிப் பாருங்கள்.